கஞ்சி மட்டும் போதாது

உணவுக்குழாய் இணையாமல் பிறந்த குழந்தை, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் பெற்றோர் எங்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்பதுண்டு. "இனிமேல் பயமில்லையே?" என்பது ஒன்று. "என்ன கொடுக்கலாம்?" என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும், முதற்கேள்விக்குரிய விடை பெரிதும் இரண்டாவது கேள்விக்கு வீட்டில் கிடைக்கும் விடையையே சார்ந்திருக்கிறது. அறுவை சிகிச்சை குழந்தையின் உயிரைக் காக்கிறது. அதன் உடலை வளர்ப்பது உணவு. இதனைப் பெற்றோரிடமும், வீட்டுப் பெரியோரிடமும், எங்களைப் போன்ற மருத்துவப் பணியாளர்களிடமும் வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் நோயுற்று எழுந்தவருக்குக் கஞ்சி கொடுப்பது தலைமுறைகளாக வந்த வழக்கம். வயிற்றுக்கு இதமானது, எளிதில் செரிப்பது, தொண்டையில் சிக்காதது என்று எண்ணி அரிசிக் கஞ்சியையோ ஜவ்வரிசிக் கஞ்சியையோ காய்ச்சிக் கொடுக்கிறார்கள். அந்த எண்ணத்தில் பாசம் இருக்கிறது. ஓரளவு அறிவும் இருக்கிறது. ஆயினும் மாதக்கணக்கில் நீர்த்த கஞ்சியையே உண்ணும் குழந்தை, தையல் நன்றாக ஆறியிருந்தும் எடை கூடாமல் மெலிகிறது. அம்மெலிவை அறுவை சிகிச்சையின் விளைவு என்று குடும்பம் நம்பிவிடுகிறது. பல வேளைகளில் அது உணவின் விளைவே என்பது எங்கள் கருத்து.

குறையும் பழியும்

கரு உருவான நான்காம், ஐந்தாம் வாரங்களில் முன்குடல் என்னும் ஒற்றைக் குழல், முன்புறம் மூச்சுக்குழாயாகவும் பின்புறம் உணவுக்குழாயாகவும் பிரிகிறது. இப்பிரிவு முறையாக நிகழாதபோது உணவுக்குழாயின் மேற்பகுதி அடிமூடிய பை போல நின்றுவிடுகிறது. கீழ்ப்பகுதி, 100-ல் சுமார் 85 குழந்தைகளில், மூச்சுக்குழாயோடு தவறாக இணைந்துவிடுகிறது. ஏறத்தாழ 2,500 முதல் 4,500 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இக்குறையோடு பிறக்கிறது. அவர்களுள் பாதிப்பேருக்கு இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, ஆசனவாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலும் குறை இருக்கக்கூடும்.

பிறந்த குழந்தையின் வாயிலிருந்து நுரை நுரையாக உமிழ்நீர் வழிவதும், பால் புகட்டியவுடன் புரையேறி உடல் நீலம் பாய்வதும் முதல் அறிகுறிகள். வாய்வழியே செலுத்தும் மெல்லிய குழாய் சுமார் 10 சென்டிமீட்டர் அளவில் தடைபட்டு நின்றால் ஐயம் வலுக்கிறது. எக்ஸ்ரே அதனை உறுதிசெய்கிறது. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. இக்குறையுள்ள குழந்தைக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். குறையில்லாத குழந்தைக்கும் தாய்ப்பாலன்றி வேறெதுவும் தேவையில்லை.

ஊட்டத்தைப் பற்றிய கட்டுரையில் பழியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், உண்ணக்கூடாததை உண்டாள் என்று தாயின் மீது குற்றம் சுமத்துவோர் உளர். இப்பிரிவு நிகழும் வாரங்களில், தாம் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறிந்திருப்பதில்லை. பெரும்பாலான குழந்தைகளில் காரணம் இன்னதென்று கண்டறிய முடிவதில்லை; அடுத்த குழந்தைக்கும் இக்குறை வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. பழி சுமக்கும் தாய் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை; மனக்கலக்கத்தில் பால் சுரந்து இறங்குவதும் தடைபடுகிறது. ஆகவே தாயைப் பழியினின்றும் கடும் பத்தியத்தினின்றும் விடுவிப்பதே குழந்தைக்கு நாம் செய்யும் முதல் ஊட்டம்.

தையல் தருவதும் தராததும்

1941-ஆம் ஆண்டுக்கு முன்னர் இக்குறையை நேரடியாக இணைத்துச் சரிசெய்து ஒரு குழந்தையும் பிழைத்ததில்லை. அவ்வாண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் கேமரன் ஹைட் என்னும் அறுவை மருத்துவர் ஒரு பெண்குழந்தையின் உணவுக்குழாயின் இரு முனைகளையும் வெற்றிகரமாக இணைத்தார். அக்குழந்தைக்கும் தையலிடத்தில் கசிவு உண்டாயிற்று. பின்னர்க் குறுக்கம் தோன்றி, அதனை விரிவாக்க வேண்டியிருந்தது. அவற்றையெல்லாம் கடந்துதான் அக்குழந்தை பிழைத்தது. இன்று, போதிய எடையோடும் கடும் இதயக் குறையின்றியும் பிறந்த குழந்தைகளுள் 100-ல் 90-க்கும் மேற்பட்டோர் நல்ல வசதியுள்ள மையங்களில் பிழைக்கின்றனர்.

இவ்வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "மறுபடியும் விரிவாக்கம் செய்ய வேண்டும் என்கிறார்களே, முதல் ஆபரேஷன் சரியில்லையோ?" என்று சில பெற்றோர் மனம் தளர்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கேனும் தையலிடம் சுருங்குகிறது. பலூன் கொண்டோ குழல் கொண்டோ அதனை விரிவாக்குவது, அறுவை சிகிச்சையின் வரலாற்றிலேயே முதற்குழந்தை தொட்டு உடன்வரும் சிகிச்சை. அதனைத் தோல்வி என்று கருதித் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் குழந்தை பட்டினி கிடக்கும் வாரமாகும்.

தையல் தராத ஒன்றும் உண்டு. நாம் விழுங்கும் கவளம் தன் எடையால் மட்டும் வயிற்றுக்குச் செல்வதில்லை. உணவுக்குழாயின் தசைகள் அலை அலையாகச் சுருங்கி அதனைக் கீழே தள்ளுகின்றன. இக்குழந்தைகளின் உணவுக்குழாயில் அந்த அலை பிறவியிலேயே வலுவற்றும் ஒழுங்கற்றும் இருக்கிறது. அறுவை சிகிச்சை குழாயை இணைக்குமேயன்றி அலையை உண்டாக்காது. எனவே இவர்கள் மெதுவாக உண்பார்கள். இடையிடையே தண்ணீர் கேட்பார்கள். வறண்ட உணவு கண்டால் தயங்குவார்கள்.

இதனோடு, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கு வயிற்றிலுள்ள அமிலம் மேலேறி வருகிறது. அது தையலிடத்தைப் புண்ணாக்கும், குறுக்கத்தை மிகுவிக்கும், உணவின் மீது வெறுப்பை உண்டாக்கும். அதனால்தான் முதலாண்டில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தை எழுதிக் கொடுக்கிறோம். "வாந்தி நின்றுவிட்டது, மருந்தை நிறுத்திவிட்டோம்" என்று கூறுவோரிடம், மருத்துவர் கூறும் வரை நிறுத்தலாகாது என்று வேண்டுகிறோம்.

ஜவ்வரிசியும் முட்டையும்

சேலத்து ஜவ்வரிசியும் நாமக்கல் முட்டையும் எங்கள் பகுதியின் இரு பெருமைகள். மரவள்ளிக்கிழங்கு உழவரையும் ஆலையினரையும் 1981 முதல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சந்தையோடு இணைத்து வருகிறது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலையோ நாள்தோறும் செய்தியாகிறது. ஆனால் நோயுற்ற குழந்தையின் கிண்ணத்தில் ஜவ்வரிசிக்குக் கிடைக்கும் இடம் முட்டைக்குக் கிடைப்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி ஆற்றல் உண்டு. புரதம் ஒரு கிராம் கூட இல்லை. அது ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்தே. 20 கிராம் ஜவ்வரிசியைத் தண்ணீரில் காய்ச்சினால் ஒரு தம்ளர் கஞ்சியாகிறது. அதில் சுமார் 70 கலோரி இருக்கும். ஒரு முட்டையும் ஏறத்தாழ அதே அளவு ஆற்றலைத் தருகிறது. அதனோடு சுமார் 6 கிராம் தரமான புரதத்தையும் தருகிறது. கஞ்சிக்கு ஒரு தம்ளர் வயிறு வேண்டும். முட்டைக்குச் சில கரண்டியே போதும். சிறுகச் சிறுக, மெதுவாக உண்ணும் குழந்தைக்கு இந்த வேறுபாடு பெரிது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிறைத்துவிடுகிறது. நிறைந்த வயிறு மேலேறும் அமிலத்தையும் மிகுவிக்கிறது. குழந்தையோ பசி தீர்ந்தும் ஊட்டம் பெறாமல் உறங்கிவிடுகிறது.

ஜவ்வரிசியை விலக்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அதனைத் தனியே விடாதீர்கள் என்கிறோம். தாய்ப்பாலே முதல் ஆறு மாதங்களுக்கு முழு உணவு. வாய்வழி உண்ண இயலாத நாள்களில் தாயிடமிருந்து கறந்த பாலையே குழாய்வழி செலுத்துகிறோம். அது வயிற்றிலிருந்து விரைந்து இறங்குவதால் மேலேறுவதும் குறைகிறது. ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலோடு கீழ்க்கண்டவாறு ஊட்டலாம்.

கஞ்சி எதுவாயினும் நீர்க்கக் காய்ச்சாமல், கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழியும் அளவுக்குக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். கொதிக்கும் கஞ்சியில் நன்கு அடித்த முட்டையைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, முழுவதும் வேகவிடுங்கள். அவித்த முட்டையின் மஞ்சள் கரு உலர்ந்து தொண்டையில் ஒட்டும் தன்மையது. அதனைத் தனியே கொடுக்காமல் பாலிலோ பருப்புத் தண்ணீரிலோ குழைத்துக் கொடுங்கள். முதன்முறை கொடுக்கும்போது சிறிதளவே கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று கவனியுங்கள். முட்டை உண்ணாத குடும்பத்தார், குழைய வேகவைத்த பாசிப்பருப்பையும் தயிரையும் நாள் தவறாமல் சேர்க்கலாம். கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சிய கூழ் சுண்ணாம்புச்சத்து மிக்கது. அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவை வீட்டிலுள்ள அனைவரும் பங்கிட்டுக் கொள்ளாமல் குழந்தைக்கென ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு வேளைக் கிண்ணத்திலும் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ சேர்த்தால், உணவின் அளவு கூடாமலே சுமார் 40 கலோரி கூடுகிறது. அறுவை சிகிச்சை செய்த குழந்தைக்கு எண்ணெய் ஆகாது என்னும் எண்ணத்துக்கு மருத்துவ அடிப்படை இல்லை. தயிர் சளி பிடிக்கும், முட்டை சூடு என்று ஒதுக்குவதும் அத்தகையதே. இக்குழந்தைகளின் மூச்சுக்குழாய்ச் சுவர் பலருக்கு மென்மையாக இருப்பதால், இருமல் கரகரப்பான உலோக ஒலியோடு வரும். அது தயிரால் வந்த சளியன்று. அத்தகைய இருமல் காய்ச்சலோடு வந்தாலும், ஒவ்வொரு முறை உண்ணும்போதும் வந்தாலும் எங்களிடம் கூறுங்கள். தயிரை நிறுத்திவிட்டு வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்தை நெடுநாள் உட்கொள்ளும் குழந்தைகளுக்கு இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறையலாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அரசு வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தைத் தவறவிடாதீர்கள். இரத்தச் சோதனை எப்போது வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அச்சம் தள்ளிப்போடும் கவளம்

புரையேறிவிடுமோ என்னும் அச்சத்தால் இரண்டு வயது, மூன்று வயது வரை பாலும் கஞ்சியுமே கொடுத்து வரும் வீடுகள் உண்டு. அந்த அச்சம் இயல்பானது. மூச்சுத்திணறி நீலம் பாய்ந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது எளிதில் மறையாது. ஆயினும் மெல்லுவதும் விழுங்குவதும் உரிய காலத்தில் கற்க வேண்டிய திறன்கள். ஆறாம் மாதத்தில் வழவழப்பான மசியல், எட்டு ஒன்பது மாதங்களில் சிறு கட்டிகளுள்ள குழைவு, ஒரு வயதையொட்டி மென்மையான சிறு துண்டுகள் என்ற வரிசையில் வாய் பழக வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அம்மாதங்களைக் கழித்துக் கணக்கிட வேண்டும். காலம் கடந்தால் கட்டியுள்ள எவ்வுணவையும் குழந்தை குமட்டித் துப்பும். பின்னர் அதனை மாற்றுவது கடினம்.

இரு முனைகளுக்கும் இடைவெளி மிகுந்து, உடனே இணைக்க இயலாத குழந்தைகளுக்கு வயிற்றில் குழாய் பொருத்தி உணவூட்டுகிறோம். சிலருக்குக் கழுத்தில் உமிழ்நீர் வெளியேற வழி அமைக்கிறோம். அவர்களுக்கும் வாய் மறந்துவிடக்கூடாது. மருத்துவர் அனுமதித்தபின், வயிற்றுக் குழாயில் உணவு செல்லும் அதே வேளையில் வாயிலும் சிறிது சுவைக்கக் கொடுத்து வந்தால், நாக்கும் தொண்டையும் பசியும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். பின்னாளில் உணவுக்குழாய் அமைக்கப்படும்போது அப்பழக்கமே கைகொடுக்கும்.

ஊட்டும் முறையும் உணவைப் போலவே முக்கியம். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள். படுக்கவைத்துப் பாலாடையால் வாயில் ஊற்றாதீர்கள். கவளம் சிறிதாக இருக்கட்டும். ஒன்று இறங்கியபின் மற்றொன்று. திட உணவு தொடங்கியபின் இடையிடையே ஒரு வாய்த் தண்ணீர். உண்டபின் அரைமணி நேரம் தோளிலோ மடியிலோ நிமிர்ந்த நிலை. மூன்று பெருவேளைகளைவிட ஐந்தாறு சிறுவேளைகள் நன்று. முழு நிலக்கடலை, பட்டாணி, முறுக்கு, தட்டுவடை, தோலுடன் ஆப்பிள், பெரிய கறித்துண்டு, வறண்ட ரொட்டி, பரோட்டா ஆகியவை சிறு குழந்தைகளுக்கு ஆகா. நிலக்கடலையை வறுத்து நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கலந்தால் அது நல்ல உணவு. முழுப் பருப்பாக அது ஆபத்து.

தொக்கம் எடுக்கச் செல்லாதீர்கள்

இதனை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். குழந்தை உண்ண மறுத்தாலோ வாந்தியெடுத்தாலோ, உணவு தொண்டையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொண்டது என்று கருதித் தொக்கம் எடுக்க அழைத்துச் செல்லும் வழக்கம் இப்பகுதியில் பரவலாக உள்ளது. ஊதுவது, உறிஞ்சுவது, வயிற்றை நீவுவது எனப் பல முறைகளைச் சொல்கிறார்கள். உணவுக்குழாயில் தையலுள்ள குழந்தைக்கு இது இருமடங்கு தீங்கு. தொண்டையிலும் வயிற்றிலும் தரும் அழுத்தம் ஒரு தீங்கு. அதனால் போகும் காலம் மற்றொரு தீங்கு. முன்பு உண்ட உணவையே இப்போது உண்ண மறுப்பது, திட உணவை விட்டுத் திரவத்தை மட்டும் ஏற்பது, உண்டது அப்படியே திரும்பி வருவது ஆகியவை குறுக்கத்தின் அறிகுறிகள். அதற்குரிய மருத்துவம் விரிவாக்கம் ஒன்றே.

உணவு உண்மையிலேயே சிக்கிக்கொண்டால், விரலை விட்டுத் தோண்டாதீர்கள். மீன்முள்ளுக்குச் செய்வது போலச் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கச் சொல்லாதீர்கள். குழந்தை உமிழ்நீரையும் விழுங்க இயலாமல் வடித்தாலோ, மூச்சுத்திணறினாலோ, உதடு நீலமானாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வாந்தி பச்சை நிறமாக வந்தாலும் காத்திருக்கலாகாது.

மெதுவாக உண்பது பிடிவாதமன்று

ஒரு வேளை உணவுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் குழந்தையை "அடம்" என்று அடிக்கும் வீடுகள் உண்டு. ஊட்டத் தெரியவில்லை என்று தாயைக் கடிந்துகொள்ளும் வீடுகள் அவற்றினும் மிகுதி. விசைத்தறி ஓட்டும் தாய்க்கும், கோழிப்பண்ணைக்குச் செல்லும் தாய்க்கும் முக்கால் மணி நேரம் என்பது கூலியின் ஒரு பகுதி என்பதை நாங்கள் அறிவோம். லாரித் தொழிலில் உள்ள தந்தை வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பதும் இங்கு இயல்பு. எனவே இப்பொறுப்பைத் தாய் ஒருத்தியின் மீது வைத்தல் அறமன்று. வீட்டில் உள்ள பாட்டி, தாத்தா, அத்தை, சித்தப்பா எவராயினும் ஊட்டும் முறையைக் கற்கலாம். வீடு திரும்பும் நாளில் தாயோடு இன்னொருவரையும் அழைத்து வாருங்கள்; இருவருக்கும் கற்றுத் தருகிறோம்.

பள்ளியிலும் இதே பேச்சு தேவை. தமிழ்நாட்டில் 1982 முதல் சத்துணவும், 2022 முதல் காலை உணவும் பள்ளிக் குழந்தைகளுக்குக் கிடைத்து வருகின்றன. மதிய உணவோடு முட்டையும் உண்டு. இப்பேறு உலகின் பல பகுதிகளில் இல்லை. ஆனால் மணியடிப்பதற்குள் தட்டைக் கழுவ வேண்டும் என்றால், இக்குழந்தைக்கு அந்த முட்டை இருந்தும் இல்லாததுதான். ஆசிரியரிடமும் சத்துணவுப் பணியாளரிடமும் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: இவனுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும், தண்ணீர்க் குவளை அருகில் இருக்க வேண்டும், இவனுடைய இருமல் தொற்றுவதன்று. எழுத்தில் வேண்டுமாயின் நாங்கள் கடிதம் தருகிறோம்.

எடை பார்ப்பதும் சிகிச்சையே

"குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வரவேண்டும்?" என்னும் கேள்வி நியாயமானது. பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் சிறியவை அல்ல. எங்கள் விடை இது: கண்ணுக்கு நன்றாகத் தெரியும் குழந்தையின் எடைக்கோடு, குறுக்கம் தோன்றுவதற்கு முன்பே வளைந்துவிடுவதுண்டு. பொதுவாகக் குழந்தையின் பிறப்பு எடை ஐந்தாம் மாதத்தில் இருமடங்காகவும் ஓராண்டில் மும்மடங்காகவும் ஆகிறது. அறுவை சிகிச்சையின்போது பின்தங்கிய குழந்தை அதனை எட்டச் சற்றுக் கூடுதல் காலம் எடுக்கலாம். ஆனால் கோடு மேல்நோக்கிச் செல்ல வேண்டும். முதலாண்டில் ஒரு மாதம் எடை கூடவில்லை என்றால் அது செய்தி. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் ஊட்டக்குறைவு, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் அது கடும் ஊட்டக்குறைவு, உடனடி மருத்துவம் தேவை.

எடை பார்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டியதில்லை. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடைப்பொறி உண்டு. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. மாத எடையை வீட்டருகே பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டு, குறித்த நாளிலோ கோடு வளையும்போதோ அறுவை மருத்துவரிடம் வந்தால் போதும். இது நடக்க வேண்டுமாயின் மருத்துவமனைகளும் தம் பங்கைச் செய்ய வேண்டும். வீடு திரும்பும் சீட்டில் அறுவை சிகிச்சையின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருத்தல் போதாது. எந்த மாதத்தில் எந்தப் பதத்தில் உணவு, எந்த எடை எதிர்பார்க்கப்படுகிறது, எந்த அறிகுறிக்கு எங்கே வரவேண்டும் என்பவை எளிய தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கிராமச் செவிலியர் படித்தாலும், பாட்டிக்குப் பேரன் படித்துக் காட்டினாலும் அது விளங்க வேண்டும்.

தொடர்கண்காணிப்பு குழந்தைப்பருவத்தோடு முடிவதில்லை. 2016-இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை குடல் மருத்துவச் சங்கங்கள் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல், எத்தொல்லையும் இல்லாத குழந்தைகளுக்கும் மூன்று முறை எண்டோஸ்கோப்பி செய்யப் பரிந்துரைக்கிறது: அமில மருந்தை நிறுத்தியபின் ஒருமுறை, பத்து வயதுக்குள் ஒருமுறை, வயது வந்தோருக்கான மருத்துவத்துக்கு மாறும்போது ஒருமுறை. நெடுநாள் மேலேறும் அமிலம் உணவுக்குழாயின் உள்தோலை மாற்றிவிடக்கூடும் என்பதே காரணம். ஆகவே அறுவை சிகிச்சைக் குறிப்புகளைப் பள்ளிச் சான்றிதழ்களைப் போலப் பாதுகாத்து வையுங்கள். பின்னாளில் அப்பிள்ளை எந்த ஊரில் வேலைக்குச் சென்றாலும் அவை உடன் செல்ல வேண்டும்.

இன்னொரு கருத்தையும் முன்வைக்கிறோம். பிரிட்டனில் இக்குறையுள்ள குழந்தைகளின் குடும்பங்கள் இணைந்து 1982-இல் டாஃப்ஸ் என்னும் அமைப்பைத் தொடங்கின. எந்த உணவு சிக்கிற்று, எது எளிதில் இறங்கிற்று, குழந்தை முதன்முதலில் எப்போது தானே உண்டது என்பவற்றைப் பெற்றோரே பெற்றோருக்குச் சொல்லும் வழி அது. சேலத்திலும் நாமக்கல்லிலும் இக்குடும்பங்கள் ஒருவரையொருவர் அறியாமலே வெளிநோயாளர் பிரிவின் ஒரே பெஞ்சில் அமர்ந்து செல்கின்றன. ஐந்து வயது நிறைந்து பள்ளி செல்லும் ஒரு குழந்தையின் தாய், பத்து நாள் குழந்தையின் தாயிடம் பேசும் கால்மணி நேரம், நாங்கள் எழுதித் தரும் எந்தச் சீட்டைவிடவும் வலிமையானது. அத்தகைய சந்திப்புகளுக்கு மருத்துவமனைகள் ஓர் அறையும் ஒரு நாளும் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

ஒவ்வொரு குழந்தையின் நிலையும் வேறு. இங்குக் கூறியவற்றுள் உங்கள் குழந்தைக்கு எது, எப்போது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள். ஆனால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு, நேற்று காலை முதல் இரவு வரை குழந்தை உண்டவற்றையும் அவற்றின் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். எழுத இயலாதவர் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பது போலவே அந்தத் தாளையும் கவனமாகப் பார்ப்போம்.